ஃப்னூ ஆடிய ஞாயிறு

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டிலிருந்து ஐசலினுக்கு மளிகை வாங்கப் போகும் வழியில், ரயில் பாதையை ஒட்டித் தாழ்வான ஒரு செங்கல் கட்டடம் இருக்கிறது. பின்னால் புல் மைதானம், முன்னால் பச்சை வெள்ளைக் கொடி. பல வருடங்கள் அதை ஏதோ தபால் ஊழியர் சங்கம் என்று நினைத்துக்கொண்டு கடந்து போயிருக்கிறேன். அது ஒரு ஜெர்மன் கால்பந்து கிளப். இப்போது நான் அதன் செயலாளர். என் ஜெர்மன் அறிவு பத்துச் சொல்லுக்குள் அடங்கும். ஐம்பது வயது வரை நான் கால்பந்தைக் காலால் தொட்டதில்லை.

நடந்தது இதுதான். எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு அந்தக் கிளப்பின் ஹாலை எடுத்தோம். வெளிச் சாப்பாட்டை அனுமதிக்கிற ஹால் அந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான். விழா முடிந்த மறுநாள் கிளப் தலைவிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ஆண்கள் கழிப்பறையில் இடப்பக்கக் குழாய் முழுதாக மூடுவதில்லை. மேடைக்கு ஏறும் மூன்றாவது படி ஆடுகிறது. சமையலறைக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கிறது, அநேகமாக வசந்த காலத்தில் ஊர் நேரத்தை ஒரு மணி முன்னே நகர்த்தியபோது யாரும் அதைத் திருப்பி வைக்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை, தெரிந்தால் நல்லது என்றும் சேர்த்திருந்தேன். கல்லூரி நாளிலிருந்து தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். மருந்துக் கம்பெனியில் என் வேலையும் மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்ப்பதுதான். கண்ணில் பட்டதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

தலைவியின் பதில் இரண்டு வரியில் வந்தது. "எங்கள் செயலாளர் டெக்சாஸுக்குக் குடிபோய்விட்டார். செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குக் கூட்டம், வந்துவிடுங்கள்."

"கம்ப்ளெயின்ட் பண்ணப் போன எடத்துல வேலை வாங்கிட்டு வந்த ஒரே ஆள் நீங்கதாங்க" என்றாள் மனைவி.

கிளப்பின் கதையைத் தலைவி எனக்குச் சொன்னது, ஹாலின் சுவரிலிருந்த படங்களை இருவரும் துடைத்து மாட்டிய ஒரு சனிக்கிழமையில். அவர் எழுபதைத் தாண்டியவர். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கிளப்பின் முதல் கோல்கீப்பருடைய மகள். போருக்குப் பிறகு ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் ஒரே ஆற்றங்கரை ஊர்களிலிருந்து வந்த லேத் ஆபரேட்டர்களும் ரொட்டிக் கடைக்காரர்களும் பின்னலாடை மில் மெக்கானிக்குகளும் சேர்ந்து தொடங்கியது இது. அப்போது இங்கே வேறு ஜெர்மன் கிளப்புகள் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கிருந்த வடக்கத்தி ஜெர்மன்காரர்கள் இவர்களுடைய பேச்சைக் கேட்டுச் சிரித்தார்களாம். கோபித்துக்கொண்டு வெளியே வந்து தனிக் கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் வரலாறு தெரிந்த எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஊரில் தாங்கள் சிறு வயதில் பார்த்து வளர்ந்த கிளப்பின் நிறத்தையும் சின்னத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நியூயார்க்கின் பெரிய கிளப்புகள் இதே மைதானத்தில் தோற்றுத் திரும்பிய வருடங்கள் உண்டு. கண்ணாடி அலமாரியில் ஒரு மாநிலக் கோப்பை இருக்கிறது, அதற்கு ஒரு கைப்பிடி இல்லை. ஜெயித்த அன்று அதில் பீர் ஊற்றிக் குடித்து யாரோ கீழே போட்டுவிட்டார்கள். யார் போட்டது என்பதில் இன்னும் இரண்டு குடும்பங்களுக்குள் பேச்சு சரியில்லை. அப்புறம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள், போன இடத்திலேயே தங்கினார்கள். போர்த்துக்கீசியரும் ஈக்வடார்காரர்களும் வந்து பச்சை வெள்ளையை அணிந்துகொண்டு கிளப்பைக் கொஞ்ச காலம் தூக்கி நிறுத்தினார்கள். செயற்கைப் புல்லும் சம்பளக் கோச்சும் வைத்த அகாடமிகள் வந்தபோது சிறுவர் அணிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. நான் செயலாளராகச் சேர்ந்தபோது மிச்சம் இருந்தது ஒரே அணி. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கான அணி.

ஜெர்மனியில் இருக்கும் தாய்க் கிளப்பின் வாழ்வு இதைவிட மேடு பள்ளம். ஒரே ஒரு பருவம் நாட்டின் முதல் டிவிஷனில் ஆடியது. அதைப் பற்றி இங்குள்ள முதியவர்கள் நேற்று நடந்ததுபோலப் பேசுவார்கள். பிறகு இறங்கியது, இன்னும் இறங்கியது, திவாலாகிப் பட்டியலிலிருந்தே அடிக்கப்பட்டது. மறுபடி ஆகக் கீழே, கிராம அணிகளோடு ஆடத் தொடங்கி ஏறி வந்தது. இப்போது நான்காவது டிவிஷன், வட்டார லீக். சனிக்கிழமை காலைகளில் அதன் ஆட்டத்தை லேப்டாப்பிலிருந்து டிவிக்கு இணைத்து, பாரில் உட்கார்ந்து காப்பியும் பன்னுமாகப் பார்ப்பார்கள்.

என் முதல் பிப்ரவரியில் நானும் போய் உட்கார்ந்தேன். டிவி வாசல் கதவுக்கு மேலே மாட்டியிருந்தது. என் நாற்காலி அதற்கு நேர் கீழே. யாரோ புகைபிடிக்கப் போனவர் கதவைச் சரியாகச் சாத்தவில்லை, குளிர் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று அறையில் இருந்த எல்லோரும் எழுந்து, என் பக்கம் கையை நீட்டி, "டோர்! டோர்!" என்று கத்தினார்கள். நான் பதறி எழுந்து கதவை இழுத்துச் சாத்தினேன். "சாரி" என்றும் சொன்னேன்.

அவர்கள் மொழியில் கோலுக்கு அதுதான் சொல் என்பது, சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே தலைவி சொன்ன பிறகுதான் தெரிந்தது. அதோடு முடியவில்லை. தாய்க் கிளப் பின்தங்கும்போதெல்லாம் அவர்கள் என்னைப் பார்த்து, ஒரு தடவை கதவைத் திறந்து சாத்து என்பார்கள். ஒன்றிரண்டு முறை பலித்தும் விட்டது. பக்கத்து வீட்டு நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன் கேட்டான்: "அப்ப 'விண்டோ'ன்னு கத்துனா பெனால்ட்டியாண்ணே?"

இந்த நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது அவனுடைய கதையும்தான். தேனிப் பக்கத்துக்காரன், டேட்டாபேஸ் வேலை, என்னைவிட நான்கைந்து வயது இளையவன். அவனுக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள். நம்மில் யாருக்குத்தான் குடும்பப் பெயர் இருக்கிறது? அமெரிக்க விசா அச்சடித்தவர்கள் அவனுடைய சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர்க் கட்டத்தில் எஃப், என், யு என்று மூன்று எழுத்தைப் போட்டார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். அது விசாவிலிருந்து டிரைவிங் லைசென்ஸுக்கும், லைசென்ஸிலிருந்து பாங்குக்கும், அங்கிருந்து பல் ஆஸ்பத்திரிக்கும் போய் ஒட்டிக்கொண்டது. ஆபீஸில் சேர்ந்த முதல் நாள் அவன் மேஜையில் "வெல்கம் ஃப்னூ" என்று கேக் வைத்திருந்தார்களாம். அவன் திருத்த முயன்று, ஓய்ந்து, கேக்கைச் சாப்பிட்டுவிட்டான்.

இனி அந்த மே மாதத்துக்கு வருகிறேன்.

லீகில் ஒரு விதி உண்டு. ஆட்டம் தொடங்க ஓர் அணிக்குக் குறைந்தது ஏழு பேர் மைதானத்தில் இருக்க வேண்டும். ஒரே பருவத்தில் இரண்டு முறை ஏழு பேர் சேராவிட்டால் அந்த அணி லீகிலிருந்து நீக்கப்படும். ஏப்ரலில் எங்களுக்கு ஒரு முறை ஆறு பேர்தான் வந்தார்கள். இன்னொரு முறை தவறினால் தீர்ந்தது. லீகில் அணி இல்லையென்றால் டவுன்ஷிப் எங்களுக்கு மைதானத்தை விட்டுவைக்காது. பக்கத்து அகாடமி அதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. இந்த நிலையில் எங்கள் அணியின் முன்கள ஆட்டக்காரர் தன் மகளுக்குப் பென்சில்வேனியாவில் கல்யாணம் வைத்தார், ஆட்டம் இருக்கிற அதே ஞாயிற்றுக்கிழமையில். பாதி அணிக்கு மேல் பத்திரிகை போயிருந்தது.

தலைவி அந்த வாரம் கூட்டத்தில் குரலை உயர்த்தவே இல்லை. "அங்கே எங்கள் ஊர்க் கிளப்பைப் பட்டியலிலிருந்து அடித்தபோது, ஆகக் கீழேயிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். அவர்களுக்குக் கீழே என்று ஓர் இடம் இருந்தது. இங்கே இதற்குக் கீழே எதுவும் கிடையாது" என்றார். பிறகு எழுந்து போய்க் கோப்பைகள் இருந்த அலமாரியின் விளக்கை அணைத்துவிட்டு வந்தார். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் செய்வதுதான். அன்று அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: நாற்பது வயதுக்கு மேற்பட்ட, ஓடக்கூடிய ஆண்கள் தேவை, ஞாயிறு காலை, கால்பந்து.

முதல் பதில் உடனே வந்தது. "நாப்பதுக்கு மேல இருக்கணுமா, ஓடணுமா? ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணுங்க சார்."

"கிரிக்கெட்னா சொல்லுங்க, இப்பவே பேடு கட்றேன்."

"எங்க வீட்டுக்காரர் வருவார். சோபாவோட தூக்கிட்டுப் போங்க."

நிறையப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். இன்னும் நிறையப் பேர் "கண்டிப்பா ட்ரை பண்றேன்" என்றார்கள். இதைத் தலைவியிடம் காட்டியபோது அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு ஜெர்மன்காரர் முயல்கிறேன் என்று சொன்னால் காலை ஆறு மணிக்கே வந்து முயன்றுகொண்டிருப்பார் போலிருக்கிறது. எங்களிடையே "ட்ரை பண்றேன்" என்றால் வரமாட்டேன் என்றும், "கண்டிப்பா ட்ரை பண்றேன்" என்றால் நிச்சயமாக வரமாட்டேன் என்றும் நான் விளக்க வேண்டியதாயிற்று. அவர் சற்று யோசித்து, "அப்படியானால் வருகிறவன் என்ன சொல்வான்?" என்று கேட்டார்.

"திட்டுவான்" என்றேன்.

அப்படியே நடந்தது. பக்கத்து வீட்டு நண்பன் அன்று மாலை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று திட்டினான். "ஏண்ணே, உங்களுக்கு வேற பொழப்பே இல்லையா? முட்டி போச்சுன்னா யாரு பாக்குறது? எம்பொண்டாட்டி உங்க வீட்டு வாசல்ல வந்து உக்காருவா, பாத்துக்கங்க." எனக்கு நிம்மதியாக இருந்தது.

இன்னொருவர் யாழ்ப்பாணத்துப் பல் டாக்டர். எங்கள் வீட்டில் எல்லோருடைய பல்லையும் பார்ப்பவர். அவரிடம் போனில் கேட்டபோது, "பந்து எண்டு சொன்னால் நான் எப்பிடி மாட்டன் எண்டுறது? பள்ளிக்கூடத்து டீமிலை சென்டர் ஃபார்வர்டு நான். பூட்ஸ் கராஜுக்குள்ளை கிடக்கு" என்றார். அவர் ஆடுவார் என்று அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவில்லை என்றார்.

அணியில் கல்யாணத்துக்குப் போகாதவர்கள் நால்வர். அதில் ஒருவர் கோல்கீப்பர், எலக்ட்ரீஷியன், நிறுவனர்களில் ஒருவரின் பேரன். அவர்களோடு டாக்டர், நண்பன், நான். சரியாக ஏழு. மூன்று பேருக்கும் லீகின் ஆட்டக்காரர் அட்டைக்கு நானே பதிந்தேன். லைசென்ஸில் இருப்பது எழுத்துப் பிசகாமல் அட்டையிலும் இருக்க வேண்டும் என்று விதி. அதன்படியே செய்தேன்.

"அப்பா, டூ யூ ஈவன் நோ தி ரூல்ஸ்?" என்று மகள் கேட்டாள்.

"ஆஃப்சைடு தவிர எல்லாம் தெரியும்மா."

"தட்ஸ் தி ஒன்லி ரூல்" என்றாள்.

ஞாயிறு காலை வெயில் பளிச்சென்று இருந்தது. முதியவர்கள் மடக்கு நாற்காலிகளைக் கோட்டோரம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் மனைவிமார் புளியோதரையும் ஐஸ் பெட்டியுமாக அடுத்த வரிசையில். கட்டைவிரல் தூக்கியவர்களில் சிலர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள், வயது சரியாக இருந்தும் அட்டை இல்லாதவர்கள். தலைவி யாரோடும் உட்காரவில்லை. மூலைக் கொடி அருகே தனியாக நின்றார்.

ரெஃப்ரீ சின்ன உருவம், என் வயது இருக்கும். பிலிப்பைன்ஸ்காரர் என்று நினைத்தேன். எங்களை வரிசையாக நிற்க வைத்து, அட்டையைப் பார்த்து ஒவ்வொருவருடைய கடைசிப் பெயரையும் சத்தமாகப் படித்தார். முதலில் படித்ததற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டாம் முறை படித்தபோதுதான் அது என் அப்பாவின் பெயர் என்பது எனக்கு உறைத்தது. அப்பா மின்வாரியத்தில் மீட்டர் கணக்கு எழுதியவர். ஓடி நான் பார்த்ததில்லை, பஸ்ஸுக்குக் கூட. அவர் பெயரை ஒரு விசில் தொங்கும் மனிதர் திறந்தவெளியில் அழைக்கிறார், நான் கையைத் தூக்குகிறேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, கையை உடனே இறக்கவும் மனமில்லை. அடுத்து டாக்டரின் அப்பா. அவர் சிறுவனைப் போல "பிரெசென்ட் சேர்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் ஒருவனை வெறுப்பேற்ற வேண்டுமென்றால் அவன் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவோம். நண்பனுக்கு அது நினைவு வந்துவிட்டது. "ரெண்டு பெருசுகளும் இந்த வயசுல டவுசர் போட்டு வந்திருக்காங்கப்பா" என்றான். அவனுடைய முறை வந்தபோது ரெஃப்ரீ படித்தது அவன் சொந்தப் பெயரையே. "உங்களுக்கெல்லாம் அப்பா ஆடுறாரு. எனக்கு மட்டும் நானே ஆடணும்போல இருக்கே" என்றான்.

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது எதிரணிக் கேப்டன் அருகில் வந்தார். போலந்துக்காரர், அலமாரி போன்ற தோள்கள். அவர்கள் அந்த ஆண்டு பட்டத்துக்குப் போட்டியில் இருந்தார்கள். நாங்கள் ஆள் சேராமல் விட்டால் அவர்களுக்கு வியர்வை சிந்தாமல் புள்ளிகள். அவர் அட்டையைக் குனிந்து பார்த்து, நண்பனின் முதல் பெயரைச் சுட்டிக் காட்டினார். இது பெயரே இல்லை என்றார். ஏதோ குறியீடு, ஆளில்லாத அட்டை, இவரைச் சேர்க்கக்கூடாது, ஆகவே இவர்களிடம் இருப்பது ஆறு பேர்.

நான் லைசென்ஸை எடுத்துக் காட்டச் சொன்னேன். நண்பன் காட்டினான். அதிலும் அதே மூன்று எழுத்து.

"பார்த்தீர்களா, இதிலும் பெயர் இல்லை" என்றார் கேப்டன், வழக்கில் ஜெயித்துவிட்டவர்போல.

நான் விசாவைப் பற்றியும் கட்டங்களைப் பற்றியும் விளக்கத் தொடங்கினேன். எனக்கு ஒன்றை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். பாஸ்போர்ட் ஆபீஸ் வரை வந்திருப்பேன், மூலைக் கொடி அருகே தலைவி திரும்பி நின்றுவிட்டதைப் பார்த்தேன். மைதானத்துக்கு முதுகு காட்டி, ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பேச்சு பாதியில் நின்றது.

ரெஃப்ரீ தன் பை கிடந்த இடத்துக்கு நடந்தார். பையிலிருந்து பர்ஸை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். அவருடைய சொந்த லைசென்ஸை எடுத்துக் கேப்டனின் மூக்குக்கு நேரே பிடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். முதல் பெயர்: எஃப், என், யு.

அவர் இந்தோனேசியாக்காரர், ஜாவாத் தீவு. அங்கே பலருக்கு ஒரே பெயர்தான், முன்னும் இல்லை பின்னும் இல்லை. "இவர் ஆளில்லை என்றால் நானும் ஆளில்லை. அப்புறம் விசிலை யார் ஊதுவது, நீங்களா?" என்று கேட்டார்.

நண்பன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். "பிரதர்!" என்றான். ரெஃப்ரீ சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை விடுவித்துக்கொண்டார், பாரபட்சம் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே. ஆனால் மடக்கு நாற்காலிகளில் இருந்த முதியவர்களுக்கு விஷயம் எட்டிவிட்டது. அவர்கள் புரிந்துகொண்டது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆளின் பெயர் ஃப்னூ. யாரோ ஒருவர் தொடங்க, மற்றவர்கள் காலைத் தட்டிக்கொண்டு, "ஃப்னூ! ஃப்னூ!" என்று முழங்கினார்கள். தலைவி மைதானத்தின் பக்கம் திரும்பினார்.

ஆட்டத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அதிகம் இல்லை. பதினொரு பேருக்கு எதிராக ஏழு பேர். எங்களுக்கு ஜெயிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, கடைசி விசில் வரை ஏழு பேர் கோட்டுக்குள் இருந்தால் போதும். ஒருவர் வெளியேறினாலும் ஆட்டம் நின்றுவிடும், எங்கள் கணக்கில் இரண்டாவது தவறாகிவிடும். அதனால் நான் பந்தைவிட என் முழங்காலையே அதிகமாகக் கவனித்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கத் தடுப்பு எனக்கு. கோல்கீப்பர் பின்னாலிருந்து "போ", "நில்" என்று இரண்டே கட்டளைகள் கொடுத்தார். பெரும்பாலும் நான் தப்பான நேரத்தில் போனேன், தப்பான நேரத்தில் நின்றேன். இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கியிருந்தோம். கோல்கீப்பர் தடுத்தவற்றை எண்ணினால் மூன்று என்பது வெற்றி மாதிரிதான்.

"கபடின்னு நெனச்சு ஆடுறீங்களா? பந்து அங்க போகுது, நீங்க கோட்டைப் பாத்துக்கிட்டு நிக்குறீங்க" என்று கோட்டோரத்திலிருந்து கட்டைவிரல்காரர் ஒருவர் கத்தினார்.

"நீ வந்து ஆடுறா!" என்றான் நண்பன், ஓடிக்கொண்டே.

இரண்டாம் பாதியில் கோல்கீப்பர் உதைத்த பந்து உயரப் போய், என்ன நடக்கிறது என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த நண்பனின் முதுகில் விழுந்து, டாக்டரின் காலடியில் உருண்டது. அவர் அதை நிறுத்தவில்லை. எங்கிருந்து அப்படி ஓர் உதை வந்ததோ, பந்து கம்பத்தின் உட்பக்கத்தில் பட்டு வலைக்குள் போனது. எந்தப் பல் டாக்டரும் அவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நாற்காலிகள் கவிழ்ந்தன. "டோர்!" என்று ஜெர்மன்காரர்களும், "கோல்!" என்று நம்மவர்களும். என் மகள் ஃபோனைக் கீழே போட்டுவிட்டுக் குதித்தாள். முதியவர்கள் மட்டும் கோல் அடித்தவரை விட்டுவிட்டு மறுபடியும் "ஃப்னூ! ஃப்னூ!" என்றார்கள்.

"கோல் போட்டது நான். பேர் உமக்கோ?" என்றார் டாக்டர் மூச்சிரைக்க.

"முதுகு யாருதுங்க டாக்டர்?" என்றான் அவன்.

அதன் பிறகு இன்னும் இரண்டு வாங்கினோம். ஆட்டம் முடியும் தறுவாயில் நண்பன் ஓடிக்கொண்டிருந்தவன் சட்டென்று காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. அவன் மனைவி ஐஸைத் தூக்கிக்கொண்டு கோட்டருகே வந்துவிட்டாள். "வெளிய வாங்க, போதும்!" என்றாள்.

ரெஃப்ரீ குனிந்து கேட்டார்: வெளியே போகிறாயா?

மூலையிலிருந்து தலைவியின் குரல் வந்தது. எழுபது வயதுக்காரர் ஒருவரிடமிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நினைக்கவில்லை. "கோட்டைத் தாண்டாதே! படுத்துக்கொள்! ஆனால் உள்ளேயே படுத்துக்கொள்!"

"என்ன சொல்றாங்க ஆன்ட்டி?" என்றான் நண்பன், பல்லைக் கடித்தபடி.

"உள்ளயே கெடங்குறாங்க" என்றேன்.

"அதுக்கு மேல என்னால முடியவும் முடியாது." ரெஃப்ரீயைப் பார்த்து, "நோ, பிரதர்" என்றான். எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். மிச்ச நேரம் முழுதும் கோட்டுக்கு உட்பக்கம் ஒற்றைக் காலில் நின்றான். பந்து அந்தப் பக்கம் வந்தபோது போலந்துக்காரர்கள் அவனை இடிக்காமல் சுற்றிக்கொண்டு ஓடியதை நான் பார்த்தேன். நாற்காலிகளில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

விசில் அடித்தது. ஐந்துக்கு ஒன்று என்று தோற்றிருந்தோம். தோற்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிக்கொள்வதை எதிரணியினர் குழப்பத்தோடு பார்த்தார்கள். தலைவி மைதானத்துக்குள் நடந்து வந்தார். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று கன்னத்தைத் தட்டினார், என் கன்னத்தைக் கொஞ்சம் பலமாகவே. கோல்கீப்பர் முன்னால் வந்தபோது மட்டும் அவருடைய கையுறைகளைக் கழற்றி வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

நண்பன் மல்லாந்து கிடந்தான். எதிரணிக் கேப்டன்தான் அவன் காலை நிமிர்த்திப் பிடித்துப் பாதத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார், விவரம் தெரிந்த கை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேப்டன் அவனிடம் உண்மையான பெயர் என்ன என்று கேட்டார். அவன் சொன்னான். கேப்டன் சொல்லிப் பார்த்தார். அவன் திருத்தினான். மறுபடி சொல்லிப் பார்த்தார், இன்னும் மோசமாக வந்தது. பிறகு தன் பெயரைச் சொன்னார். எங்கள் இருவருக்கும் அதன் முதல் எழுத்தைக்கூடத் தாண்ட முடியவில்லை. மூவரும் சிரித்தோம்.

"ஃப்னூ ஈஸ் ஃபைன்" என்றார் அவர், காலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு.

தலைவி தூரத்தில் அடுத்த ஆட்டத்துக்கு யார் யார் வருவார்கள் என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டு வந்தார். கட்டைவிரல்காரர்கள் இருவர் அவரிடம் அட்டைக்கு என்ன செய்ய வேண்டும் என்று விசாரிப்பதும் கேட்டது. ஒருவர் ஏற்கனவே திட்டத் தொடங்கியிருந்தார்.

"அண்ணே, அடுத்த ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு?" என்றான் நண்பன் வானத்தைப் பார்த்தபடி.

"மொதல்ல எந்திரிப்பா."

"எந்திரிக்க முடியாதுண்ணே. மணியைச் சொல்லுங்க."